உப்பு: பூஜ்யம்

மஞ்சவாடிக்குக் கீழே, ஓடையில்
மூன்றாவது பாறைமேல் குந்தி
அரை லிட்டர் குப்பியை
மூன்று முறை அலசிக் கொட்டுகிறேன்.
நான்காம் முறை நிரப்பி
மூடியில் எழுதுகிறேன்:
ம-1. காலை 7.10. உப்பு: பூஜ்யம்.

அனுமதிக் கடிதத்தில்
கடல் ஆராய்ச்சி என்றிருக்கிறது.
வனக் காவலர் சடையப்பன்
இரண்டு முறை படித்துவிட்டு
மலையைப் பார்த்தார்
என்னைப் பார்த்தார்.
"கடலு அந்தப் பக்கமுங்க."

தெரியும்.
ஐப்பசியில் அங்கேதான் இருந்தேன்,
குடலைப் புரட்டும் ஒரு விசைப்படகில்.
பழுப்புத் தண்ணீர்
நீலத்தின்மேல் ஏறிப் படுத்திருந்தது.
இரண்டும் தொடும் இடத்தில் நுரைக்கோடு,
அதில் தெர்மாகோல், ஆகாயத்தாமரை,
இடது கால் செருப்பு ஒன்று.
மேல்நீரில் உப்பு நான்கு.
இரண்டாள் ஆழத்தில் இறக்கிய கருவி
முப்பத்தொன்று என்றது.
மூன்று நாள் அப்படியே கிடந்தது ஆறு,
விருந்துக்கு வந்தவர்
கட்டிலை விட்டு இறங்காத மாதிரி.
நான்காம் நாள் காற்று வந்து
கலக்கிவிட்டது.

கலந்ததில் ஆறு எத்தனை பங்கு?
கணக்குக்கு இரண்டு முனை வேண்டும்.
கடல் முனை கையில் இருக்கிறது.
மறுமுனைக்குத்தான்
இந்தப் பாறை, இந்த அட்டைக்கடி.
இடையில் எடுத்த குப்பிகள் எல்லாம்
வெறும் கலப்பு என்றால்
நேர்கோட்டில் விழும்.
கோடு வளைந்தால்
வழியில் யாரோ எடுத்திருக்கிறார்கள்,
இல்லை சேர்த்திருக்கிறார்கள்.

மதியம் சேலம்.
பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பாலம்.
கயிற்றில் வாளியை இறக்குகிறேன்.
நேற்று ஊதா.
இன்று முகூர்த்தச் சேலைச் சிவப்பு.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
வடை தின்றுகொண்டிருந்த பையன்,
முழங்கை வரை அதே சிவப்பு,
தகவல் சொன்னான்:
"நாளைக்கு வாங்கக்கா, கிளிப்பச்சை."
ம-4.
படிவத்தில் நிறத்துக்குக் கட்டம் கிடையாது.

"ஆற்று முனை எது, தேன்மொழி?
ஒன்றைத்தான் போட முடியும்"
என்கிறார் போனில் பேராசிரியர்.
பாறையிலா, பாலத்திலா
எங்கே தொடங்குகிறது ஆறு?
வருடத்தில் பத்து மாதம்
இரண்டுமே கடல்வரை போவதில்லை என்பதை
அடிக்குறிப்பில் போடலாமாம்.

ஐந்து ரோடு லாட்ஜ் அறையில்
இரவு பதினொன்றுக்கு
சிலிக்கா வரைபடம் போட்டேன்.
ம-1இல் தொடங்கினாலும்
ம-4இல் தொடங்கினாலும்
கடலோரம் வந்ததும் கோடு தொய்கிறது,
துணி காயும் கொடிபோல.
எடுத்தவர்களைத் தெரியும்,
நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன்.
மலை கரைந்து வந்ததை உறிஞ்சி
கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் பாசிகள்.
எந்த ஓடு எந்த மலை என்று
எந்தக் கருவியும் சொல்லாது.
திருமணிமுத்தாறு என்று
பெயர் வைத்தவரிடமும்
கருவி இருந்திருக்காது.

ம-1ஐ லாட்ஜ் ஃபிரிட்ஜில்
பால் பாக்கெட்டுக்கும் மாவுக்கும் நடுவே
வைத்திருக்கிறேன்.
குடிக்க வேண்டாம் என்று
தமிழில் எழுதி ஒட்டியும்
காலையில் பார்த்தால்
இரண்டு விரல்கடை குறைந்திருக்கிறது.

குறித்துக்கொண்டேன்:
யாரோ எடுத்திருக்கிறார்கள்.