உலோகம் ஏதும் உண்டா

உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?
படிவத்தில் பதினொன்றாம் கேள்வி.
பல்லில் உறை, இடுப்பில் தகடு, இதயத்தில் கருவி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.
"மற்றவை"க்கு அரை அங்குலம்.

பிரிசில்லா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண்
பேனாவை நீட்டினாள்.
"மறைக்காம எழுதுங்க ஐயா. உள்ள இருக்கறது காந்தம்.
ஊசிமுனை இருந்தாலும் பிடிச்சு இழுத்துடும்."

இடது தோள். இரும்புச் சில்லு. 1971.
அரை அங்குலத்தில் அவ்வளவுதான் பிடித்தது.

விளக்கெல்லாம் அணைத்துக் கிளம்பினோம்.
மூக்குக் கண்ணாடியில் குப்புறப் படுத்திருந்தான் லோபோ.
பனைமர உயரத்தில் கடலைத் தாண்டி,
ஆற்றின் வாய் தெரிந்ததும் மேலே ஏறினோம்.
நான் பார்த்து வளர்ந்தது பாலாறு.
நிலவில் அதுவும் மின்னும், வெறும் மணலாக.
இது மெய்யாகவே தண்ணீர்.

ஊர் முழுக்க இருட்டு,
கட்டளைக்குப் பயந்து அணைத்திருந்தார்கள்.
ஒரே ஒரு விளக்கு மட்டும்.
பிரசவமோ, பிள்ளைக்குப் பேதியோ, வெறும் மறதியோ.
லோபோ அதைப் பிடித்துக்கொண்டான்.
"விளக்குக்கு வலப்பக்கம் எண்ணெய்த் தொட்டிகள்.
இனிமேல் அசையாதே."

வீரம் என்றால் பாய்ச்சல் என்று நினைக்கிறார்கள்.
எங்கள் தொழிலில் அது அசையாமல் இருப்பது.
நாற்பது விநாடி நேர்கோடு.
கீழிருந்து சுடுகிறவனுக்கும் தெரியும் அந்த நேர்கோடு.
சிவப்பு மணிகள் கோத்துக் கோத்து வந்தன,
தூரத்தில் சோம்பலாக,
கிட்டே வந்ததும் சரேலென்று.
பதினாறோ பதினேழோ எண்ணிக்கொண்டிருந்தபோது
யாரோ தோளில் தட்டிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.
நான் திரும்பவில்லை.
சட்டைக்குள் என்னவோ சூடாக இறங்கியது.
பயமில்லையா என்றால், இருந்தது.
கடித்த கடியில் கடைவாய்ப்பல் ஒன்று பிளந்தது
(அதற்கும் மேலே கட்டம் இருக்கிறது, குறித்துவிட்டேன்).

"போயிற்று" என்றான் லோபோ. எட்டும்.
முதுகுக்குப் பின்னால்
நேரங்கெட்ட நேரத்தில் விடிந்தது வானம்.
அப்புறம்தான் சொன்னேன், அடிபட்டிருக்கிறது என்று.
"முன்னாலேயே சொல்வதற்கென்ன?"
"சொன்னால் நீ தலையைத் திருப்பியிருப்பாய்."

ஒற்றைக் கையால் ஐம்பது நிமிடம்.
சக்கரம் தரையைத் தொட்டு நின்றதும்
மடியிலேயே வாந்தி எடுத்தேன்.

பள்ளிகொண்டாவில் மாலை போட்டார்கள்.
பஸ் நிறுத்தத்தில் தட்டி வைத்தார்கள், என் பெயரில் ஒரு எழுத்து குறைய.
பதக்கத்தை சரோஜினி
பட்டுப்புடவை மடிப்பில் அந்துருண்டையோடு வைத்தாள்.
விளக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
யாருக்குத் தெரியும், கேட்க?

காத்திருக்கும் கூடத்தில் பாதிப்பேர் பேசுவது வங்காளம்.
வேலூரில் இப்போது மருந்துக்கடைப் பலகையே
அந்த எழுத்தில்தான் தொங்குகிறது.
பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் தடித்த கோப்பு, சிறுநீரகம்.
எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் ஊர் கேட்டேன்.
ஆறு கடலில் விழும் அதே ஊர்.
வயது கேட்டேன்.
"சண்டை நடந்தபோது கைக்குழந்தை" என்று சிரித்தார்,
முன்பல் இரண்டு இல்லை.
அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்தது.
இரவில் அழுவீர்களா? விளக்கு வைத்திருந்தார்களா உங்கள் அம்மா?
அதற்குள் அவர் முந்திக்கொண்டார்:
எக்ஸ்ரே அறை எந்தப் பக்கம்?

எனக்கும் அங்கேதான்.
காந்தத்துக்குள் அனுப்ப மாட்டார்களாம், முதலில் படம்.
இருவரும் பச்சைக் கோட்டைப் பிடித்து நடந்தோம்.
அவர் நடை எனக்காகக் கொஞ்சம் மெதுவானது.

பிரிசில்லா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள்.
விலா எலும்புகள் மங்கிய தெருக்களாக வளைந்து போயின.
மற்றதெல்லாம் இருட்டு.
மேலே இடது ஓரத்தில்,
அணைக்க மறந்த ஒரு விளக்கு.

"வலிக்குதுங்களா ஐயா?"

அசைந்தால்தான், என்றேன்.