ஒரு தொட்டி மேய்ச்சல்

உலான் பாட்டரில் டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
நான்காவது மாடி வீட்டில்
முன்பு குடியிருந்தவள் விட்டுப்போன
ஜெரேனியம் ஒன்று.
கூடவே ஒரு குவளையும் இருந்ததால்
ஊற்றத் தொடங்கினேன்.

விடியுமுன் ஒரு குவளை.
மதிய இடைவேளையில் ஓடிவந்து ஒன்று.
தாயற்ற குட்டிகளுக்குப் பால்புட்டி பிடித்த கை,
வேறெப்படி வளர்ப்பதென்று அதற்குத் தெரியாது.
இலை மஞ்சளானது.
தாகமாக்கும் என்று இன்னும் ஊற்றினேன்.
அடித்தண்டு
தேநீரில் விழுந்த ரொட்டியாய்க் குழைந்தது.

விதைக்கடை ஸொல்ஸாயா கேட்டாள்:
"மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தீர்களா, தவாஜாவ்?"

விரலையா!
நிலத்தைக் கீறாதே என்று வளர்த்தார்கள் என்னை.
எங்கள் பூட்ஸின் மூக்குகூட
மேலே வளைந்திருக்கும்,
மண்ணுக்கு நோகாமலிருக்க.

அன்றிரவு கதவைத் தாழிட்டு
(யார் பார்க்கப்போகிறார்கள், ஆனாலும்)
மன்னிப்புக் கேட்டபடி
ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை இறக்கினேன்.
சேறு.
மூக்கருகே கொண்டுவந்தால்
நனைந்த சாக்கின் வாடை.

அழுகியதை வெட்டி எறிந்தேன்.
பிழைத்த ஒரே நுனியை ஒருநாள் உலரவிட்டு
தயிர் டப்பாவில்,
பாதிக்குப் பாதி மணல் கலந்து நட்டேன்.
அப்புறம்
ஆயுளிலேயே கடினமான வேலை:
சும்மா இருந்தேன்.

வெளியே மைனஸ் முப்பது.
கண்ணாடியின் உட்புறமே பனி பூக்க
டப்பாவை ஒரு சாண் உள்ளே நகர்த்தினேன்,
கீழே ஒரு கம்பளித் துண்டு.
அவ்வளவுதான் பணிவிடை.
கை அரித்தது.
குவளையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்,
சாவியை டிப்போவில் வைத்தேன்.

இரண்டாவது வாரமோ மூன்றாவதோ,
சிவப்பு விளக்குக்கு நிற்கையில் உறைத்தது:
ஆடு மேய்ப்பதும் இப்படித்தானே.
பின்னாலேயே போனால் மந்தை மேயாது,
நடந்து நடந்தே இளைக்கும்.
தள்ளி ஒரு மேட்டில் உட்கார்ந்து
பல் குத்திக்கொண்டிருக்க வேண்டும்,
ஓநாய்க்கு மட்டும் ஒரு கண் வைத்து.
இதைத் தெரிந்துவைத்துக்கொண்டா
ஒரு செடியை மூழ்கடித்தேன்?
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் ஓர் இலை.
சட்டைப் பொத்தான் அளவு,
விசிறி மடிப்போடு.
தொடவில்லை.

நேற்று விரல் காய்ந்து வெளியே வந்தது,
ஒரு மணல்கூட ஒட்டாமல்.
அலமாரிக்குப் போனேன்.
சாவி டிப்போவில்.

சமையலறைக் குழாயடியில் வேறு குவளைகள் இருக்கின்றன,
தெரியும்.
நாளை கொண்டுவரலாம் என்று
விளக்கை அணைத்தேன்.