உள்செருப்பு

காக்கைகள் செத்து விழுவதாக
மைக் கட்டிய ஆட்டோ சொல்லிப்போன சாயங்காலமே
திருப்பாலைக்குடி போய்
இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன்.
நீலம் வெளியே.
பச்சை உள்ளே, வாத்து அடைப்புக்குள் மட்டும்.
நடுவில் ஒரு பேசின் பிளீச்சிங் தண்ணீர்.
பெரிய வியாழனன்று சாமியார் கழுவிவிட்ட பிறகு
என் காலுக்கு இத்தனை மரியாதை
இப்போதுதான்.

மொத்தம் ஏழு, கூஸ் வாத்து.
பாம்புக்கும் இறால் திருடனுக்கும் காவலாக
முதலாளி வாங்கி விட்டது.
வெண்புள்ளி நோயில் இறால் போய்
மூன்று வருஷமாகக் குட்டைகளில் வெறும் மழைத்தண்ணீர்.
திருட ஒரு கூனி கூடக் கிடையாது.
ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு
ஏட்டு எழுந்து வரப்போரம் ஒரு சுற்று வந்து கத்தும்.
ஏழில் ஆண் அது ஒன்றுதான்.
அரைச் சம்பளத்தில் நானும் கூடவே எழுந்திருப்பேன்.

"வலை மட்டும் போட்டா எச்சம் இறங்கும்ணே"
என்றாள் கால்நடை ஆய்வாளர் முத்துராக்கு,
கேட்டுக்கு வெளியே வண்டியை விட்டு இறங்காமல்.
உள்ளே வரச் சொன்னேன்.
"நேத்து நாலு பண்ணைக்குப் போன காலு இது."
டீயும் வேண்டாம் என்று போய்விட்டாள்.

வலைக்கு மேலே
மச்சினன் வியாகுலத்தின் கல்யாண ஃப்ளெக்ஸை
இழுத்துக் கட்டினேன்.
உச்சி வெயிலில் மாப்பிள்ளை முகமும் பெண் முகமும்
வெள்ளை முதுகுகளில் ஊதாவாக இறங்கும்.
அண்ணாந்தால் வானம் இல்லை,
வியாகுலத்தின் சிரிப்பு.
முதல் நாள் முழுக்க ஏட்டு அதைப் பார்த்துச் சீறியது.

நீல டிரம்மைப் பாதியாக அறுத்து
போர்த்தண்ணீர் ஊற்றி வைத்தால்
ஒவ்வொன்றாக இறங்கி, உட்கார்ந்து,
ஒரு தரம் சிறகடித்து
இடம் போதாமல் ஏறிவிடும்.
எட்டடி தள்ளிக் குட்டை.
கம்பிக்குள் கழுத்தை விட்டு
அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

குட்டையில்
தலையில் இரண்டு கோடு போட்ட வடக்கத்தி வாத்துகள்,
இருபது இருக்கும்.
போன தையில் இவற்றோடு சேர்ந்து மேய்ந்தவைதான்.
குருணை போட்டேன், போனில் படம்கூட எடுத்தேன்.
இந்த வருஷம் எண்ணெய் டின்னைத் தட்டுகிறேன்.
வந்த வழியே போ, திரும்பி வராதே.
தட்டும்போதே கை தளர்ந்தது.
இதே வார்த்தையை நடுக்கடலில்
டார்ச் வெளிச்சத்துக்குப் பின்னால் நின்று
ஒருவன் எனக்குச் சொல்லியிருக்கிறான்,
வேறு பாஷையில்.
டின்னை மறுகைக்கு மாற்றித் தட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை
சாம்பலி எழவில்லை.
தவிடு வைத்தேன், அகத்திக்கீரை வைத்தேன்,
கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது.
முத்துராக்கு நம்பர் போனில் இருக்கிறது.
கூப்பிட்டால் வெள்ளை உடுப்போடு வருவார்கள்,
கையில் சாக்கு,
ஏழுக்கும் சேர்த்து ஒரே குழி.
கூப்பிடாவிட்டால்
கரைக்கு அந்தப் பக்கம் நாற்பது வீடு,
வீட்டுக்கு நாலு கோழி.
மத்தியானம் வரை
பிளீச்சிங்கைக் கையாலேயே கலக்கிக்கொண்டிருந்தேன்.
தோல் உரிந்தது.
பிறகு கூப்பிட்டேன்.

தொண்டையிலும் பின்னாலும்
பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் போனாள்.
போபாலுக்குப் போய் வரணுமாம்.
அதுவரை நானும் வெளியே நடமாடக் கூடாது.
இன்னாசியம்மாள் வரப்பின் அந்த முனையில்
தூக்குவாளியை வைத்துவிட்டு
"ராத்திரி இருமினியா?" என்று கத்துகிறாள்.
"நான் இல்ல, ஏட்டு" என்றேன்.
சிரிக்கவில்லை.

ஆறாம் நாள் இன்று.
சாம்பலி டிரம் வரை நடந்தது.
குடித்ததா, சும்மா அலகை நனைத்ததா,
குனிந்து பார்க்கும்போது போன் அடிக்கிறது,
சிக்னலுக்காக வேலிக்கு வெளியே
கம்பத்தில் கட்டி வைத்திருக்கும் போன்.
இறக்கையை விரித்துக்கொண்டு
எனக்கு முன்னால் ஏட்டு வாசலுக்கு ஓடுகிறது.
அதைக் காலால் தள்ளி, கதவைச் சாத்தி,
பச்சையைக் கழற்றி,
வலது கால் பேசினில்,
இடது கால் பேசினில்.
நீலத்தில் ஒன்று குப்புறக் கிடக்கிறது, மற்றதைக் காணோம்.
அடித்துக்கொண்டே இருக்கிறது.