ஐந்தா, பன்னிரண்டா

ஆகஸ்ட். வெளியே முப்பது டிகிரி வெயில்.
சமையலறை மேசையில் மூன்று மாதிரிகள்:
தோட்டா முனைபோல ஒன்று, சதுரமாய் ஒன்று,
கம்பியோடு கம்பியாய்க் கடுகளவில் ஒன்று.
கனோலா ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவள்
தூங்காமல் அவற்றை எரியவிட்டுப் பார்க்கிறேன்.
கிறிஸ்துமஸுக்கு நாலு மாதம் கிடக்கிறதே என்கிறான்
கொழுந்தன் மிரோன்.
கப்பலுக்கு அது தெரியாது என்கிறேன்.

யார்க்டனில் எங்கள் தெருவில்
விளக்குப் போடாத வீடு இரண்டுதான்.
ஒன்றில் ஆளில்லை. மற்றதில் விவாகரத்து.

போன வருடம் ஐந்து வோல்ட் வாங்கினேன்.
கரண்டைக் குறைவாகத் தின்னும், அது உண்மை.
ஆனால் ஐம்பதைத் தாண்டினால் மூச்சு வாங்கும்.
வாசலில் பால்வெள்ளையாய்ப் புறப்பட்டது
கூரை முனைக்குப் போய்ச் சேரும்போது
பீட்ரூட் வெந்த தண்ணீர்.
நடுவழியில் தனிக் கம்பி இழுத்து
மின்சாரத்தை ஊட்டிவிட வேண்டும்,
சாப்பிட மறுக்கும் பிள்ளைக்குப் போல.

பன்னிரண்டு வாங்கு என்கிறான் மிரோன்.
தூரம் போகும், சரி.
மிச்சத்தைச் சூடாக்கி வீணடிக்குமே?
'மைனஸ் முப்பதில் சூடு வீணா?'
பதில் இல்லை. தேநீர் ஊற்றினேன்.

பிறகு நிறவரிசை.
சிவப்பு, பச்சை, நீலம் என்று எழுதி விற்பார்கள்,
பிரித்தால் பச்சை முந்திக்கொண்டு நிற்கும்.
முதல் வருடம் எங்கள் கிறிஸ்துமஸ் தாத்தா
கெட்ட மீன் தின்ற முகத்தோடு
இலைப்பச்சையில் கையசைத்தார்.
எதிர்வீட்டு ஜோலீனின் மகன்
இன்றும் அவரைத் தவளை என்றுதான் கூப்பிடுகிறான்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு கம்பி கூடுதல்.
நடுவில் ஒன்று செத்தாலும் அதைத் தாண்டிக் குதித்து
சேதி அடுத்ததற்குப் போய்விடும்.
விலையும் பெரிதில்லை.
மிரோன் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியபோது
எனக்கு டிசம்பர் இருபத்துநாலு வந்து நின்றது.

இரவு ஏழு. தெரு முழுக்கக் கார்கள்,
கண்ணாடிகளில் மூச்சு உறைந்திருந்தது.
பாட்டின் நடுவே
இருநூற்றுப் பதினொன்றோடு வெளிச்சம் நின்றது.
அங்கிருந்து புகைபோக்கிவரை இருட்டு,
அரை வீட்டை யாரோ
கத்தியால் அறுத்து எடுத்துப்போனதுபோல்.
ஒரு நொடி எதுவுமில்லை.
பிறகு ஹார்ன். ஒன்று, மூன்று, அத்தனை கார்களும்.
காட்சியின் உச்சமே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள்.
ஒருவர் ஜன்னலை இறக்கிக் கைதட்டினார்,
தடித்த கையுறை, சத்தமே வரவில்லை.

ஏணியில் ஏறினேன்.
கம்பி சுள்ளியாய் விறைத்திருந்தது.
பழுது தேட ஒரே விதி:
கடைசியாக எரிவது, அல்லது முதலில் எரியாதது.
இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி.
எரியாததைத்தான் எல்லோரும் பிடிப்போம், நானும் பிடித்தேன்,
விரல் மரத்துப்போக வெட்டி மாற்றினேன்.
அதுவல்ல.
எரிந்துகொண்டிருந்ததுதான்.
தனக்கு வந்ததை வாங்கிக்கொண்டு
அழகாக எரிந்தது,
அடுத்ததற்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

இதை வைத்து யாரைப் பற்றியும் பேசப்போவதில்லை.
ஆலையில் என் மேலாளர் பெயர் டுவெயின்,
அவ்வளவுதான்.

ஆகவே பன்னிரண்டு வோல்ட்.
தோட்டா வடிவம், கறுப்புக் கம்பி, மூவாயிரம்.
உபரியாக ஐம்பது.
குதிக்கிற வகை வேண்டாம்.

மிரோன் புருவத்தைத் தூக்கினான்.
குதிக்கிறதில் செத்தது செத்தபடியே தொங்கும்,
ஜனவரி ஏழு, நம் பழைய கிறிஸ்துமஸ் தாண்டியும்;
மூவாயிரத்தில் ஒரு பொட்டு,
தெருவிலிருந்து யார் கண்டார்கள்?
நானே காணமாட்டேன்.
எனக்குப் பாதி வீடு அணையட்டும்.
ஏணி கேரேஜில்தான் இருக்கிறது.

அட்டை எண்ணைத் தட்டி முடிக்கும்வரை
அவன் எதுவும் சொல்லவில்லை.
பிறகு கேட்டான்:
அந்தக் கையுறைக்காரர் இந்த வருடமும் வருவாரா?