ஒத்தி

ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ.யில் டோக்கன் நாற்பத்தேழு.
அமலோற்பவம் என்கிற பெயரை நடுவில் உடைத்து
அமலா, உத்பவா என்று
இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள்.
இரண்டு பேருமாக எழுந்து போனேன்.

பீரோ அளவுக்கு ஓர் அறை.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு மாதிரிப் பஞ்சு.
ஸ்ரீராம்புரத்தில் பிறந்து
பீன்யாவில் பிரஸ் ஓட்டுகிறவளுக்கு
இப்படியோர் அமைதி
இந்த ஊரில் இருக்கிறதென்றே தெரியாது.
கதவைச் சாத்தியதும்
நான் எச்சில் விழுங்குவது
பக்கத்து வீட்டுக் குழாய் போலக் கேட்டது.

கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து
அந்தப் பெண் சொன்னாள்:
சப்த கேள்சித்ரெ ஒத்தி.
கன்னடத்தில், அழுத்துங்கள்.
என் காது எப்போதும்
தமிழில்தான் முந்திக்கொள்ளும்:
ஒத்திப் போடு, ஒத்திப் போடு.

முதலில் இடது காது.
தூரத்தில் ஒரு கொசு. அழுத்தினேன்.
விசில் கிளம்புமுன் குக்கர் விடும் மூச்சு. அழுத்தினேன்.
யஷ்வந்த்பூர் மேம்பாலத்தில் ஆம்புலன்ஸ்,
அதற்குள் யாரோ. அழுத்தினேன்.

பிறகு வலது.
ஒன்றுமே வரவில்லை.
கண்ணாடிக்கு அந்தப்புறம் அவள்
திருகுகிறாள், குறிக்கிறாள், திருகுகிறாள்.
ஐம்பது டன் பிரஸ்,
நாளைக்கு ஒன்பதாயிரம் வாஷர்.
பதினாறு வருஷமாய் என் வலப்பக்கம் நின்று
அந்தக் காதையும் தட்டையாக்கி
நடுவில் ஓட்டை போட்டுவிட்டது போல.

ஓட்டை வழியாகத்தான்
லூர்துநாதன் சார் வந்தார்.

எண்பத்தொன்பது டிசம்பர். ஒத்திகை.
பாடகர் குழுவில் மூன்றாம் வரிசை,
பதினொரு வயது, இரவல் வெள்ளை சாக்ஸ்.
ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு
ஒவ்வொரு வாயருகிலும் குனிந்து கேட்டு வந்தவர்
என்னிடம் வந்ததும் நின்றார்.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.
மிக அன்பாக,
"நீ வாயை மட்டும் அசைம்மா" என்றார்.

அசைத்தேன்.
அந்தக் கிறிஸ்துமஸ் முழுக்க.
பள்ளியில் தேசிய கீதத்துக்கு.
திருமண வாக்குறுதியின்போது
மைக் கொஞ்சம் தள்ளியிருந்தது, வசதியாக.
பிள்ளைக்குத் தாலாட்டை
ரேடியோ பார்த்துக்கொண்டது.
யூனியன் கோஷத்துக்குக்கூட
கை உயரும்,
வாய் மீன் தொட்டியில் இருக்கும்.

வலது காதில் இப்போது ஏதோ ஒன்று.
தடிமனாக, வெகு கீழே,
பார்க்கிங் சரிவில் யாரோ
வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலேறுவது மாதிரி.
அழுத்தினேன். நிற்கவில்லை.
அழுத்தினேன்.
அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்தது.
"நான் இன்னும் எதுவும் போடலையே" என்றாள்
பாதித் தமிழில்.
பிறகு தயங்கி,
"உள்ளே மைக் இருக்கு மேடம்.
நீங்க ஹம் பண்றீங்க."

கட்டைவிரல் வெளுத்திருந்தது.

மேலே தேடியிருக்கிறார் சார்.
சின்னப் பெண் குரலென்றால் மேலேதானே இருக்கும்!
ஆறேழு கட்டை இறங்கிவந்து தொட்டிருந்தால்
நான் அங்கேதான் நின்றிருந்தேன்,
செருப்பைக் கழற்றிவிட்டு.
அவர்மேல் கோபப்படலாமா என்று பார்த்தேன்.
முகமே நினைவில்லை.
குனிந்தபோது வந்த
இருமல் மிட்டாய் வாசனை மட்டும்.

ஒரு தாளில் இரண்டு கோடு தந்தார்கள்.
ஒன்று நடக்கிறது.
மற்றது நாலாயிரத்தருகே
படி தெரியாமல் கால்வைத்துவிட்டது.
இழப்பீட்டுக்கு மூன்று நகல், ஆதார், ஃபோட்டோ.

மறுநாள் காலை ஷிஃப்ட்.
அடுத்த மெஷினிலிருந்து முபீனா
விரலாலேயே கேட்டாள், என்ன ஆச்சு?
வலது காதைத் தொட்டுக் கையை விரித்தேன்.
டீ நேரத்தில் மைக் சமாச்சாரத்தையும் சொன்னேன்.
பன்னைப் பிட்டு நனைத்தவள்
அது கிளாசுக்குள் விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"இதுக்கு ஈ.எஸ்.ஐ. வேறயா?
கரண்ட் போறப்பல்லாம்
பிரஸ் உடனே நின்னுடும்.
நீ ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் நிப்பே."