ஒறம்பரை

முதல் கேள்வி பேரல்ல.
"எத்தனை நாளைக்குங்க்கா?"
தொண்ணூறு என்றேன். விசா அப்படி.
சௌடேஸ்வரி விரல் விட்டு எண்ணி,
"ஆடி நோம்பிக்கு இருப்பீங்க,
தீவாளிக்கு இருக்கமாட்டீங்க" என்று
தட்டுக் கழுவப் போய்விட்டாள்.

தாராபுரத்துக்கு மேற்கே காற்றாடிக் காடு.
ஆனிக் காற்று
கொடியில் கிடக்கும் பாவாடைகளைப் பிடுங்கி
பக்கத்துச் சோளக்காட்டில் போடும்.
விடிந்ததும் வேலி தாண்டிப் பொறுக்குவது என் வேலை.
எது எவளுடையது என்று
மூன்றாம் வாரம்தான் பிடிபட்டது:
இடுப்புப்பட்டியில் நூலால் தைத்த எண்.
பதினொன்று சஞ்சுக்தா.
இருபத்தாறு ரெஜினா.

நாற்பத்தொரு தலை, எண்பத்திரண்டு சடை,
ரிப்பன் என் பல்லில்.
"இறுக்கிப் பின்னுங்க்கா, மத்தியானமே அவுந்துக்கும்."
பேன் பார்க்கும்போதுதான் பேசுகிறார்கள்;
முகம் பார்க்க வேண்டியதில்லை.
பனியன் கம்பெனி குடோன், அப்பா, ரயில்
என்று சஞ்சுக்தா மூன்று சொல் சொன்னாள்.
பிறகு, "காதுக்குப் பின்னால கடிக்குது பாருங்க்கா."
ஒடியாவில் அவளிடம் மிஞ்சியிருப்பது
தண்ணீருக்கான சொல் மட்டும்.
பாணி.
கேட்டால் ஒருமுறை சொல்வாள்,
இரண்டாம் முறை சொல்லமாட்டாள்.

சமையல் பாப்பாத்தி முதல் வாரம்
"ஒறம்பரைக்கு மொதல்ல ஊத்து" என்றாள்.
இரண்டாம் வாரம்
சின்னவெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளினாள்.
"பசியாறியாச்சா?" என்பேன், ஈப்போ வழக்கம்.
ஹால் முழுக்கச் சிரிப்பு.
இப்போது என் மூக்கைக் கடன்வாங்கி
"பசியாறியாச்சுங்ளா மேடம்" என்று
ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்கிறார்கள்.

சஞ்சுக்தாவுக்கு மட்டும் ஒரு கிளிப் வாங்கினேன்.
ராத்திரி அது தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது.
வார்டன் குணவதி கோபப்படவில்லை.
"வாங்குனா நாப்பத்தொண்ணு வாங்கு கண்ணு.
இல்லாட்டி சும்மா இரு."
ஸ்டோர் ரூமில் பெல்ஜியத்து அக்காவின் கிட்டார்.
கம்பிகள் எல்லாம்
கேட்டைக் கட்டப் போய்விட்டன.

ஞாயிறுகளில் கார் வரும்.
யாரோ வீட்டுப் பையனுக்குப் பிறந்தநாள்:
கேசரி, அரிசிம்பருப்பு சோறு, போட்டோ.
அவன் பேரைத் துண்டுக் காகிதத்தில் பார்த்து
எல்லோரும் பாடுவார்கள்.
பதிவேட்டில் பார்த்தேன்,
இங்கே பதினேழு பேர் பிறந்தது ஜூன் ஒன்று,
பள்ளிக்கூடம் பெற்றுப்போட்ட தேதி.
நான் வந்திறங்கியதும் அன்றைக்குத்தான்.
கேசரி வாசமே இல்லை.

பையனின் அப்பா என்னைக் கேட்டார்,
"மலேசியாவா? பூர்வீகம் எதுங்க? என்ன கூட்டம்?"
தெரியாதுங்க என்றேன்.
நம்பவில்லை. இன்னொரு தரம் கேட்டார்.
பரிமாறிக்கொண்டிருந்த ரெஜினா
வாளியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு
என் இலையில் மட்டும்
இரண்டாவது அப்பளம் வைத்தாள்.

ஆவணி. கடைசி வாரம்.
வார்டன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்,
"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க.
போயிட்டு வர்றேன்னு மட்டும் சொல்லிப்போடாத."
ஊரெங்கும் 'போறேன்' என்பது ஆகாத சொல்.
இங்கே 'வர்றேன்' என்று சொல்லித்தான்
ஒவ்வொருத்தியையும் கேட்டில் விட்டுப் போனார்கள்.

மூன்று நாள் கண்ணாடி முன்னால் பழகினேன்.
நாக்கு தானாக 'வர்'ருக்கே போனது.

சடை பின்னி முடித்தேன், எண்பத்திரண்டும்.
"போறேன்" என்றேன்.
"ம். போங்க" என்றாள் சௌடேஸ்வரி.
"வெரசா போங்க, எட்டரை பஸ்ஸ உட்டா பத்துக்குத்தான்."
யாரும் அழவில்லை.
ஸ்கூல் பைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இட்டேறியில் பாதி வழி.
சோளத்தட்டில் சிக்கி ஒரு பாவாடை
படபடத்துக்கொண்டிருந்தது.
பெட்டியை மண்ணில் வைத்துவிட்டுக்
காட்டுக்குள் இறங்கினேன்.
இருபத்தாறு.

கேட்டில் பாவாடையை வாங்கிக்கொண்டு
என்னை மேலும் கீழும் பார்த்தாள் ரெஜினா.
"போறேன்னு சொன்னீங்க?"

உள்ளேயிருந்து யாரோ சிரிக்கத் தொடங்க,
ரோட்டில் எட்டரை பஸ்
ஹாரன் அடித்துக்கொண்டே போனது.