புள்ளி வைத்த பெயர்

விரிவாக்கம் எழுதவும் என்கிறது
தணிக்கைப் படிவத்தின் ஒன்பதாவது கட்டம்.
கே. இ. எம். பி. யூ.
காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
லாரி ஏறி நின்றதும் எடை சொல்லும் மென்பொருள்.
நாங்கள் கெம்பு என்போம்.
ஓட்டுநர்களுக்குக் கெம்பண்ணா.
உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து
ஐம்பது கிலோ கூட்டிப் போடச் சொல்லி
ஜன்னலில் பீடிக்கட்டு வைத்துவிட்டுப் போனவரும் உண்டு.

எடைமேடை திம்மராயன் சொன்னார்:
கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு.
முதல் திரையில் எழுத்தெல்லாம் சிவப்பாய்த்தான் வரும்.
பச்சை, என்றார் வயர்மேன் நூருல்லா.
அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டதே நான்தான்.
கெம்பு கல்லுப்பா, தோட்டில் பதிப்பது,
முதலாளியம்மா அடகிலிருந்து மீட்காத தோடு
என்று குரலைத் தாழ்த்தினாள் ஆய்வகத்து ஹேமாவதி.
சந்தூர் லாரிக்காரர்
ஸ்டியரிங்கை விடாமல் ஒரே மூச்சில் விரித்தார்:
காவேரிப்பட்டணம் எடை மேடை பில்
உத்தேசம்.

சிரித்தோம். கட்டம் காலியாகவே இருந்தது.

ஓசூரிலிருக்கும் சம்பங்கிக்குப் போன் போட்டேன்.
எழுதியவர் என்று எல்லோரும் அவரைத்தான் சொல்வார்கள்.
நானெங்கே எழுதினேன், என்றார்.
பின்னால் குக்கர் கத்தி ஓய்ந்தது.
பர்கூரில் மூடிப்போன ஆலையொன்றிலிருந்து
சி.டி.யில் வந்ததம்மா, வரும்போதே அந்தப் பெயர்தான்.
புள்ளி மட்டும் நான் வைத்தது.
புள்ளி இருந்தால்
பெரிய இடத்துச் சரக்கு மாதிரித் தெரியுமே.

புள்ளியை அவர் வைத்துவிட்டார்,
கோலத்தை என்னிடம் கேட்கிறது படிவம்.

வெளியே பெங்களூரா, பதினோரு லாரி.
இங்கே காய்த்து இங்கேயே கூழாகும் காய்க்கு
அந்த ஊர்ப்பெயர் எப்படி ஒட்டியதென்று
எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்டதில்லை.
ஹாரன். மறுபடி ஹாரன்.
எழுதினேன்:
கிருஷ்ணகிரி எலக்ட்ரானிக் மேங்கோ பில்லிங் யூனிட்.
பேனாவை மூடக்கூட இல்லை,
டோக்கன் கிழிக்க ஓடினேன்.

அடுத்த சீசனுக்குப் புதுத் தணிக்கையாளர்.
கோப்பைப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு,
ஐந்து சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.
பொருத்தமான பெயர், என்றார்,
ஆரம்பத்திலிருந்தே இதுதானா?

ஆமாம் சார், என்றார் திம்மராயன்,
வைத்த அன்றைக்கு நான் கூடவே இருந்தேன்.

நான் ரசீதுப் புத்தகத்தில் எதையோ தேடினேன்.

பச்சை, என்றார் நூருல்லா,
யாரும் கேட்காமலே.